பாரை மீன்: உடம்பே அதன் வாழ்க்கையைச் சொல்லும்

யாழ்ப்பாணத்தின் பாசையூரிலோ குருநகரிலோ காலையில் மீனைக் கூறி விற்கும் நேரம், தரையில் கொட்டிய குவியலுக்குள் பாரையைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் தட்டையாக, உயரமாக, வெள்ளித் தட்டுப்போல மின்னிக்கொண்டு கிடக்கும். ஆனால் திரளியும் காரலும் வெள்ளிதான். சந்தேகம் வந்தால் ஒரு விரல் போதும். செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை, உடம்பின் நடுக்கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். முன்பாதி வழுவழுப்பாகப் போகும். பின்பாதியில் ஒரு வரம்பு தட்டுப்படும். அதே வரம்பில் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை இழுத்தால் தோல் கிழிந்துவிடும். பக்கத்தில் அந்த வரம்பு உள்ள வெள்ளி மீன் என்றால் அது பாரைக் குடும்பம்.

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் பாரைக்கு நல்ல மதிப்பு உண்டு. முள் குறைவு, சதை இறுக்கம், குழம்பில் உடையாது, பொரித்தாலும் நிற்கும். ஆனால் சட்டிக்கு வருமுன் அது எப்படி வாழ்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. பாரையை விளங்கிக்கொள்ள இரண்டு விஷயம் போதும். ஒன்று, அதன் உடம்பு முழுவதும் வேகத்துக்காக அமைந்தது. இரண்டாவது, பெரிய பாரை பாரில், அதாவது கடலடிக் கல்திட்டில், வாழ்ந்தாலும் அதன் சிறுபிராயம் கரையோரத்து ஆழமற்ற பரவைக்கடலில்தான் கழிகிறது. முதலாவது கறி வெட்டுகிறவருக்கும் தூண்டில் போடுகிறவருக்கும் தேவை. இரண்டாவது நம் எல்லோருக்கும் தேவை.

பாரைக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 150 இனங்கள் உண்டு. சாண் நீளத்துக்கு மேல் வளராதவையும் இருக்கின்றன, ஆள் உயரத்தை எட்டுபவையும் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று, நம் கடலிலும் கிடைக்கும் பெரும்பாரை. அறிவியல் பெயர் காரங்ஸ் இக்னோபிலிஸ். செங்கடலில் கண்ட மீனை வைத்து இதை விவரித்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். அவர் 1763இல் யேமனில் இறந்துபோக, அவருடைய குறிப்புகள் 1775இல்தான் அச்சேறின. 'இக்னோபிலிஸ்' என்றால் லத்தீனில் மேன்மை இல்லாதது என்று பொருள். பாரில் இதைவிட மிடுக்காக நீந்தும் மீன் அதிகம் இல்லை. பெயர் பொருந்தவே இல்லை. இந்த மீன் 170 சென்ரிமீற்றர் நீளமும் 80 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. தூண்டிலில் பிடித்துப் பதிவான உலகச் சாதனை 72.8 கிலோ, 2006இல் ஜப்பானின் ககோஷிமாப் பகுதியில் பிடிபட்டது.

உடம்பைக் கிட்டப் பார்த்தால்

ஒரு முழுப் பாரையைப் பலகையில் வைத்துத் தலையிலிருந்து தொடங்குவோம். நெற்றி செங்குத்தாக ஏறும். பெரும்பாரைக்கு இந்த ஏற்றம் மிகக் கூர்மை. கண்ணுக்கு மேலே மொட்டையாக ஒரு மேடுபோல நிற்கும். கண் பெரியது. அதன் மேல் முன்னும் பின்னும் கண்ணாடிபோன்ற ஒரு கொழுப்புச் சவ்வு படிந்திருக்கும். நல்ல மீனில் அது தெரியவே தெரியாது, நகத்தால் தொட்டால்தான் தட்டுப்படும். வாய் அகலம், ஆனால் பல் சீலாவுக்கு இருப்பதுபோல வெட்டும் கத்தியாக இருக்காது. கூம்புபோன்ற சிறு பற்கள், பிடித்து நிறுத்தத்தான். பாரை இரையைத் துண்டாக்காது, முழுதாகவே விழுங்கும்.

முதுகில் இரண்டு செட்டை. முன்செட்டை 8 முள் கொண்டது, முதுகில் உள்ள பள்ளத்துக்குள் மடங்கிப் படுத்துவிடும். வேகமாகப் பாயும்போது அதைப் படுக்க வைத்துக்கொள்ளும், திரும்பும்போது நிமிர்த்தும். பக்கச் செட்டை அரிவாள்போல நீண்டு வளைந்திருக்கும். அடிப்பக்கத்தில், பின்செட்டைக்குச் சற்று முன்னால், தனியாக இரண்டு சிறு முள் நிற்கும். மீன் கழுவும்போது பலர் உள்ளங்கையில் குத்து வாங்குவது இந்த இரண்டு முள்ளில்தான். வயிற்றுப்புறம் கையால் அழுத்துமுன் அதைக் கத்தியால் தட்டிவிட வேண்டும்.

இனி அந்த வரம்பு. உடம்பின் பக்கக்கோடு தோளில் வளைந்து ஏறி, நடு உடம்பைத் தாண்டியதும் நேராகி வாலுக்குப் போகிறது. நேராகிய பகுதியில் செதில்கள் கெட்டியான தகடுகளாக மாறி, ஒவ்வொன்றும் பின்னோக்கிய ஒரு முள்ளோடு, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பெரும்பாரையில் இப்படி 26 முதல் 38 தகடுகள் எண்ணலாம். அவை வந்து சேரும் வாலடி ஒரு விரல் தடிப்புக்கு ஒடுங்கியிருக்கும். அதற்கு அப்பால் வால் இரண்டாகப் பிளந்து கவைபோல விரியும். உடம்பு முழுவதும் பாம்புபோல நெளியாமல், தசையின் இழுப்பெல்லாம் இந்த ஒடுங்கிய இடத்தின் வழியாக வாலுக்குப் போகிறது. அந்த இடம் உறுதியாக இருக்க வேண்டும், தகடுகள் அதற்கு உதவுகின்றன. கத்தி வைக்கும்போது நாம் சலித்துக்கொள்ளும் அதே இடத்தில்தான் மீனின் வேகம் இருக்கிறது.

வெள்ளி நிறமும் அப்படித்தான். தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய பளிங்குத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை கண்ணாடிபோலச் சுற்றியுள்ள தண்ணீரின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். முதுகு மட்டும் நீலப்பச்சை கலந்த கருமை, வயிறு வெள்ளை. மேலே இருந்து பார்த்தால் கீழே உள்ள இருண்ட நீர், கீழே இருந்து பார்த்தால் மேலே உள்ள ஒளி, பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் நீர். சூடைக் கூட்டம் பாரையைக் காணும்போது அது மிகக் கிட்ட வந்திருக்கும். பெரிய ஆண் பாரைகள் சில வேளை கரும்சாம்பலாக, ஏன் முற்றாகக் கறுப்பாகவே மாறியிருக்கும். அதைக் கண்டு பழுது என்றோ வேறு மீன் என்றோ ஒதுக்க வேண்டாம்.

எந்தப் பாரை?

ஊர்ப்பெயரை நம்பி இனத்தைச் சொல்வது கடினம். ஒரு துறையில் ஒரு பெயர் சொல்லும் மீனுக்கு அடுத்த துறையில் வேறு பெயர் இருக்கும். அடையாளத்தைப் பார்ப்பதே நல்லது.

மீனைப் புரட்டி நெஞ்சைப் பாருங்கள். பெரும்பாரையின் நெஞ்சின் அடியில் செதிலே இல்லாத ஒரு வெற்றிடம் இருக்கும். அதற்குள் வயிற்றுச் செட்டைக்கு முன்னால் சிறு திட்டாகக் கொஞ்சம் செதில். பெருங்கண் பாரைக்கு நெஞ்சு முழுக்கச் செதில் உண்டு. கண் பெயருக்கேற்பப் பெரிது, செவுள் மூடியின் மேல்மூலையில் ஒரு சிறு கரும்புள்ளி, இரண்டாம் முதுகுச் செட்டையின் நுனியில் வெள்ளை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகமில்லை. உடம்பெல்லாம் நீலமும் கறுப்புமாகப் பொட்டுத் தெளித்து, செட்டைகள் பளிச்சென்ற நீலமாக இருப்பது நீலச்செட்டைப் பாரை. இது முருகைக்கல்லை விட்டு அதிகம் விலகாது.

பொன்னிறம் கலந்து, தடித்த உதட்டோடு, கரும்பட்டைகள் ஓடிய மீன் வந்தால் அது மஞ்சள் பாரை. குஞ்சாக இருக்கும்போது தங்கமஞ்சளில் கரும்பட்டை எடுப்பாக இருக்கும், வளர வளர மங்கும். வளர்ந்த மீனின் வாய்க்குள் விரலை விட்டால் பல் தட்டுப்படாது. வாயைக் குழாய்போல நீட்டி மணலைக் கிளறி நண்டுக்குஞ்சு, றால், சிப்பி எடுத்து உண்பது அதன் வழக்கம். அதன் குஞ்சுகள் சுறாவின் மூக்குக்கு முன்னால் கூட்டமாக நீந்தும். சுறா திரும்பிப் பிடிக்க முடியாத அளவுக்கு அவை சிறியவை, சுறுசுறுப்பானவை. அவற்றை உண்ணும் மீன்கள் அந்த இடத்துக்கு வரத் தயங்கும். பாரைக் குடும்பத்தின் பல குஞ்சுகள் சொறியின் (ஜெல்லிமீனின்) குடைக்குக் கீழே ஒதுங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நெஞ்சு செதிலின்றி, பக்கச் செட்டையின் அடிவரை வழுக்கையாக, நாக்கு பழுப்பாக இருந்தால் அது மலபார்ப் பாரை. பெயரில் மலபார் இருந்தாலும் 1801இல் அது விவரிக்கப்பட்டது தரங்கம்பாடியிலிருந்து போன மீனை வைத்துத்தான். தரங்கம்பாடி நமக்கு நேரெதிர்க் கரைதானே. இந்தப் பாரைக்கு இருகரையும் ஒரே வீடு. 60 சென்ரிமீற்றருக்கு மேல் போவதில்லை.

கட்டாவைப் பலர் பாரையோடு சேர்த்துப் பேசுவார்கள். அது இதே குடும்பம்தான், ஆனால் பக்கத்தில் தகடு வரம்பு இல்லை. முக்கியமாக, கட்டாவின் முதுகிலும் பின்செட்டை முன்னாலும் உள்ள முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால் வெறும் குத்தைவிட நெடுநேரம் கடுக்கும். தாங்கக்கூடிய சூட்டுள்ள வெந்நீரில் கையை அரைமணி நேரம் வைத்தால் கடுப்புத் தணியும்.

வேட்டை

பாரை பகலெல்லாம் ஓடித்திரியும் மீன்போலத் தோன்றும். உண்மையில் அதன் வேலை நேரம் விடியலும் அந்தியும். அந்த நேரத்தில் வெளிச்சம் சரிந்து வரும், சிறுமீன்களின் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் தடுமாறும். பெரிய கண்ணுள்ள வேட்டைக்காரனுக்கு அது போதும். பெருங்கண் பாரை இன்னும் ஒரு படி மேலே: பகலில் நூற்றுக்கணக்கில் பாரோரம் சுழன்று சோம்பிக் கிடந்து, இருட்டியதும் கலைந்து தனித்தனியாக இரை தேடப் போகும். அதனால்தான் அதன் பகல் கூட்டத்துக்குள் தூண்டில் போட்டுக் காத்திருப்பவர் பல வேளை வெறுங்கையோடு வருகிறார்.

நெத்தலிக் கூட்டத்தைப் பெரும்பாரை எப்படித் தாக்குகிறது என்று ஹவாயில் ஆராய்ந்திருக்கிறார்கள். தனிப் பாரைக்கு நெருக்கமான கூட்டத்தை உடைப்பது கடினம். கூட்டாகப் போகும் பாரைகளில் ஒன்று முன்னே பாய்ந்து நெத்தலிக் கூட்டத்தைப் பிளக்கும். சிதறி ஒதுங்கிய மீன்களைப் பின்னே வருபவை எடுக்கும். நம் கடலில் நீர் கொதிப்பதுபோலச் சூடை துள்ள, மேலே ஆலாக்கள் இரைந்து சுற்றினால் கீழே நடப்பது இதுதான். ஆலாவுக்குப் பாரை விருந்து வைக்கிறது என்றாலும் சில இடங்களில் ஆலாவே இரையாகும். சீஷெல்ஸின் ஃபார்குவார்ப் பவளத்தீவில், பறக்கப் பழகும் ஆலாக் குஞ்சுகளை நீரிலிருந்து பாய்ந்து கவ்வும் பெரும்பாரைகளைப் படம் பிடித்து 2017இல் வெளியிட்டார்கள்.

நீலச்செட்டைப் பாரைக்கு வேறு தந்திரம். கல்லிடுக்கில் இரை தேடும் விலாங்கு, கணவாய், மணலைக் கிண்டும் மீசைமீன் இவற்றின் பின்னாலேயே போகும். அவை கிளப்பிவிடும் இரை வெளியே ஓடும்போது பாய்ந்து எடுத்துக்கொள்ளும்.

பிடிபட்ட பாரை உறுமுவதைக் கடலில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். தொண்டைக்குள் இருக்கும் பல் தகடுகளை அது உரசுகிறது. பக்கத்திலிருக்கும் காற்றுப்பை அந்த ஒலியைப் பெருக்குகிறது.

யாழ்ப்பாணத்தில் வற்றுப் பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் பரந்த நீர் குறுகிய வாயால் போய்வரும் இடங்களில் ஓட்டம் வலுக்கும். பாலத்தின் கீழ், இரு தீவுகளின் இடைவெளி, பாரின் விளிம்பு எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள். ஓட்டம் சிறுமீனை இழுத்துவரும், பாரை ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்கும். நீர் நிற்கும் நேரத்தில் அதே இடம் வெறுமையாகிவிடும். பாரைக்குப் போகிறவர் கடிகாரத்தைவிட நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தூண்டிலில்

பாரைக்குச் சிறந்த இரை உயிருள்ள சூடை அல்லது கீரி. மூக்கில் முள்ளை ஏற்றினால் ஓட்டத்தில் இயல்பாக நீந்தும். முதுகில் ஏற்றினால் நின்று துடிக்கும். முள் வயிற்றுப் பக்கம் போனால் இரை சீக்கிரம் சாகும், பாரை தொடாது. செத்த இரை என்றால் கணவாய்த் துண்டு நல்லது, கல்லில் உரசினாலும் கழன்று போகாது.

பாரையின் பல் வெட்டாது என்பதால் கம்பி தேவையில்லை. கம்பி மின்னி மீனைத் துரத்தவும் கூடும். தேவைப்படுவது, முள்ளுக்கு மேலே ஒரு பாகம் (இரு கையும் விரித்த) நீளத்துக்குத் தடித்த தங்கூசி (நைலோன் நூல்). காரணம் பல் இல்லை, கல். முள் ஏறிய கணம் பாரை செய்யும் முதல் வேலை பாருக்குள் ஓடுவது. முருகைக்கல் விளிம்பில் இழுபட்ட நூல் கண்ணிமைக்கும் நேரத்தில் அறும். நழுவிப் போனவற்றில் அநேகம் முதல் ஓட்டத்திலேயே நழுவியவை. ஆகவே கல்லுக்கு நேர்மேலே நங்கூரம் போடாமல், ஓட்டத்தில் சற்று விலகி மணலில் போட வேண்டும். மீன் கடித்ததும் முதல் 10 மீற்றரில் நிறுத்தப் பார்க்க வேண்டும். அதற்காகக் கையில் நூலைச் சுற்றவே கூடாது. 10 கிலோப் பாரை ஓடும்போது சுற்றிய நூல் விரலை எலும்புவரை அறுக்கும். துணியோ சைக்கிள் ரியூப்பின் துண்டோ விரலில் போட்டுக்கொண்டு, நூலை நழுவவிட்டுப் பிடிக்க வேண்டும்.

வள்ளத்தில் ஏற்றிய மீனை வாலடியில் பிடிக்கும் பழக்கம் நல்லதில்லை. ஒரு துள்ளலில் தகடுகள் உள்ளங்கையைக் கிழிக்கும். ஈரச் சாக்கை வாலடியில் போட்டுப் பிடித்தால் கைக்குப் பாதுகாப்பு.

ஐஸும் கத்தியும் சட்டியும்

பாரையின் சதைக்குள், பக்கக்கோட்டின் அடியில், நீளப்போக்கில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை ஓடும். ஓயாமல் நீந்துவதற்கான தசை அது. இரத்தமும் கொழுப்பும் அதில் அதிகம், கெடுவதும் அங்கேதான் முதலில். வெயிலில் கிடந்த பாரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றும். அப்படி உண்டான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று ஒவ்வாமையின் மேல் பழி போட்டுவிடுவோம். பல வேளை குற்றம் ஐஸ் இல்லாத பெட்டியினுடையது. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். றெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ், ஒரு வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகிய நீர் வடிய வழி விட வேண்டும்.

சந்தையில் கண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஐஸில் கிடந்த நல்ல மீனின் கண்ணும் மங்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: இரத்தச் சிவப்பு, கடல் மணம், தெளிந்த வழுவழுப்பு இருக்க வேண்டும். பழுப்பும் பிசுபிசுப்பும் என்றால் விட்டுவிடுங்கள். வாலடியைப் பிடித்து நீட்டினால் மீன் பலகைபோல நிற்பது புதிதாகப் பிடித்ததன் அடையாளம்.

வெட்டும்போது தகடு வரம்பை முதலில் எடுக்க வேண்டும். வாலடியில் கத்தியைத் தட்டையாக வைத்து, தோலுக்கும் தகடுக்கும் இடையில் தலைப்பக்கமாக அறுத்துச் சென்றால் பட்டையாக முழுதும் கழன்று வரும். இதைச் செய்யாமல் செதில் மட்டும் சுரண்டினால் தகடு குழம்புக்குள் போய்த் தொண்டையில் நிற்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் வீட்டில் இது விளையாட்டான விஷயமில்லை. பிறகு செட்டைகளை வெட்டி, செவுளையும் குடலையும் எடுத்து, முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்பு இரத்தப் பகுதியை நகத்தாலோ கரண்டி முனையாலோ சுரண்டி எடுக்க வேண்டும். குழம்பில் வரும் வெடுக்கு மணத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பகுதியே காரணம். மஞ்சளும் உப்பும் பூசி ஒரு கழுவு, அதற்கு மேல் ஊறவிட வேண்டாம்.

துண்டு இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பு. பாரை கொழுப்புக் குறைந்த மீன். மெல்லிய துண்டு உலர்ந்து நாராகிவிடும். ஒரு கிலோவுக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், 8 பல்லு உள்ளி, 4 பச்சை மிளகாய், ஒரு தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் எண்ணெயில் வதக்கி, 3 மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துத் தூளைப் போட்டு, எலுமிச்சம்பழ அளவு பழப்புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டாம் பால் இரண்டு கோப்பை விட வேண்டும். குழம்பு நன்றாகக் கொதித்துத் தூளின் பச்சை மணம் போன பிறகே மீனைப் போட வேண்டும். முன்னமே போட்டால் தூள் வேகுமுன் மீன் வெந்து இறுகிவிடும். 10 நிமிடம் போதும். கடைசியில் முதற்பால் அரைக் கோப்பை விட்டு, கொதி கிளம்பியதும் இறக்கலாம். முதற்பாலைக் கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரியும்.

கருவாடு போடுவதற்குப் பெரிய பாரையை முதுகுப் பக்கம் பிளந்து, தடித்த சதையில் உள்ளே கீறல் போட வேண்டும். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. ஒரு நாள் உப்பில் கிடந்து, உப்புநீரில் அலசி, தட்டில் அல்லது தென்னங்கீற்றில் உயர்த்திக் காயவைக்க வேண்டும். தரையில் போட்டால் அடியில் ஈரம் நிற்கும், மணலும் ஏறும். முதல் நாளே உச்சி வெயிலில் வைத்தால் மேற்பரப்பு பலகையாகக் காய்ந்து உள்ளே ஈரம் அடைபடும். ஒரு வாரத்தில் நடுவில் கெடும். சேமித்த கருவாட்டில் இளஞ்சிவப்பாகப் படர்வது உப்பில் வாழும் கிருமி, அதை எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். பழுதான மீனை உப்பிட்டால் முன்பு சொன்ன ஹிஸ்டமின் கருவாட்டிலும் அப்படியே இருக்கும்.

கடல்நீரேரியில் வளரும் குஞ்சு

கடைசியாக, எங்களுக்கு முக்கியமாகப் படுவது. பாரை திறந்த கடலில், நிலவின் கணக்கோடு, பாரோரங்களில் கூடி முட்டையிடும். முட்டை நீரில் மிதந்து போகும். தப்பிய குஞ்சுகள் கரைக்கு வந்து ஆழமில்லாத, கலங்கிய, சாதாழையும் கண்டலும் உள்ள நீரில் ஒதுங்கும். யாழ்ப்பாணக் கடல்நீரேரி இதற்கெனவே அமைந்ததுபோல இருக்கிறது. கோடையில் நீர் வற்றி உப்பு ஏறும். மாரி மழையில் வெள்ளம் வந்து உப்பு இறங்கும். பெரும்பாரைக் குஞ்சு ஆயிரத்தில் 0.5 முதல் 38 பங்கு உப்பு வரை தாங்கும் என்று பதிவாகியிருக்கிறது. பெரிய வேட்டைமீன்கள் வர மறுக்கும் நீரில் அது வளர்ந்துவிடும்.

இந்த வளர்ச்சிக்குக் காலம் வேண்டும். ஹவாயில் அளந்த பெரும்பாரைகள் முதன்முறை முட்டையிடத் தயாராவது ஏறத்தாழ 60 சென்ரிமீற்றரில், மூன்றரை வயதில். நீலச்செட்டைப் பாரைக்கு 35 சென்ரிமீற்றர், 2 வயது. 60 சென்ரிமீற்றர்ப் பாரை நாலு கிலோவுக்கு மேல் இருக்கும். 30 சென்ரிமீற்றர்ப் பாரை சுமார் அரைக் கிலோ. கடல்நீரேரியில் ஒரு சாண் நீளத்தில் பிடித்துக் கூறுகூறாக விற்கும் பெரும்பாரைக் குஞ்சு எதுவும் ஒருமுறைகூட முட்டையிட்டதில்லை. அரைக் கிலோவில் பிடித்தால் ஒரு வீட்டுக்கு ஒரு நேரக் கறி. விட்டிருந்தால் அது எட்டு மடங்கு எடையாகி, பாருக்குப் போய், பல மாரி முட்டையிட்டிருக்கும். நல்ல காலம் கிடைத்தால் இந்த மீன் 20 ஆண்டுகளையும் தாண்டி வாழும்.

பாருக்கும் அடி விழுந்திருக்கிறது. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி முருகைக்கல் வெளிறியது. அடிமடி இழுவை சாதாழையைப் பிடுங்கிக் கல்லைப் புரட்டும். இலங்கை அதை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது, ஆனால் பாக்குநீரிணையில் அது முடிந்துபோன கதை இல்லை. இவை ஒரு துறையில் நிற்பவர் தனியாகத் தீர்க்கக்கூடியவை இல்லை. குஞ்சை உயிரோடு விடுவது அவர் தனியாகச் செய்யக்கூடியது.

சிறகு வலையில் இது எளிது. சிறகுகள் வழிகாட்ட, மீன் கடைசிப் பையில் உயிரோடு நிற்கும். செவுள் வலைபோல இறுகிச் சாவதில்லை. பை தூக்கும் நேரம் விடியலாக இருந்தால், நீர் குளிர்ந்திருப்பதால், குஞ்சுகள் இன்னும் திடமாக இருக்கும். வெயில் ஏறிய பின் தூக்கினால் பையின் நெரிசலில் மூச்சடைத்துப் பாதி செத்திருக்கும். பையை முழுதாக வெளியே எடுக்காமல், பாதி நீரில் இருக்கும்போதே சிறு பாரைகளைப் பிரிக்க வேண்டும். கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பைத் துடைத்து, அந்த இடத்தில் புண் வைக்கும். செவுளுக்குள் விரல் விடக்கூடாது, வாலில் தூக்கக்கூடாது. வயிற்றின் கீழ் உள்ளங்கையை வைத்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி நீருக்குள் பிடித்தால், செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடும். பிறகு அந்த ஒடுங்கிய வாலடி ஒரு தட்டுத் தட்டும். கையில் ஒன்றும் இருக்காது.